மனைவியைக் கேட்க வேண்டியதில்லை

என் வீட்டுக்காரரின் சட்டையை யாரோ மடித்திருந்தார்கள். பிரச்சனை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் சலவைக்கடை வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிற யாத்திரிகர்கள் தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் என்னிடம்தான் வரும். துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் காலையில் நானே இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை, மாலையில் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கோட்டோடு திரும்பி வந்தால் என்ன அர்த்தம்? நடுப்பகலில் எங்கேயோ அதைக் கழற்றியிருக்கிறார். யாரோ அதைப் பதமாக மடித்து வைத்திருக்கிறார்கள். இவருக்குத் தன் கைக்குட்டையைக்கூட மடிக்கத் தெரியாது.

அதிலும் அது என்ன மடிப்பு? சட்டையை எல்லோரும் நேர்பாதியில் மடிப்பார்கள். இது நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி விழுந்திருந்தது. ஒரு நாள் என்றால் கை தவறிவிட்டது எனலாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை, அதே நாலு விரல். எவளோ ஒருத்தி இதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

"சட்டையில என்னங்க இது கோடு?" என்று கேட்டேன்.

"பஸ்ல செம கூட்டம்" என்றார்.

கூட்டத்தில் சட்டை கசங்கும். மடியாது. இதை இருபது வருஷமாகத் துணியோடு மல்லுக்கட்டுகிறவளிடமே சொல்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். சண்டை போட்டால் உஷாராகிவிடுவார்.

அவர் வழிகாட்டி. ஊருக்கு வெளியே மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த பழைய ஸ்தூபி இருக்கிறது. கவிழ்த்த பானை மாதிரி ஒரு பெரிய செங்கல் மேடு, அதைச் சுற்றி அந்தக் காலத்துப் பிக்குகள் இருந்த சின்னச் சின்ன அறைகளின் அடித்தளம். புத்தர் ஒரு மழைக்காலம் முழுக்க இங்கே தங்கினார் என்று சொல்வார்கள். உலகம் பூராவுமிருந்து ஆட்கள் வந்து அந்தச் செங்கல்லில் நெற்றியை வைத்துக் கண்ணீர் விடுவார்கள். இவர் அவர்களுக்குக் கதை சொல்வார். நன்றாகச் சொல்வார். அதில்தான் நானே விழுந்தேன்.

விடுதிக்குத் துணி கொண்டுபோகும்போது ஸ்தூபி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் பேச்சு எனக்கு மனப்பாடம். இளவரசர் அரண்மனையை விட்டுப் போகிற இடத்தில் எப்போதும் நிறுத்துவார். மனைவியும் பிறந்த குழந்தையும் தூங்கும் அறையின் வாசலில் அவர் நின்று பார்த்ததை மெதுவாகச் சொல்லிவிட்டு, "பொண்டாட்டி முழிச்சிருந்தா புத்தரே கிடையாதுங்க" என்பார். கூட்டம் சிரிக்கும். அந்த வாரம் நான் வண்டியை நிறுத்திக் கேட்டபோது கதையில் அந்த வாசல் இல்லை. அறை இல்லை, மனைவி இல்லை. குதிரை ஏறினார், ஆற்றைக் கடந்தார், முடியை வெட்டினார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் சொன்ன நகைச்சுவையை ஒருவன் ஏன் விழுங்குகிறான்? பெண்டாட்டியைப் பற்றிப் பேசவே இவருக்கு என்னவோ ஆகிறது என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டில் இன்னொரு கூத்து. திடீரென்று தன் அம்மாவுக்கு ஐஸ் வைக்க ஆரம்பித்திருந்தார். என் மாமியாரும் நானும் கல்யாணமான மறுவாரத்திலிருந்தே எலியும் பூனையும். அவர் என்னை "மகாராணி" என்றுதான் கூப்பிடுவார். முன்னறையில் கட்டில், எதிரே டிவி, கையில் ரிமோட், வாயில் என் குறை. அந்த அம்மாவின் காலை இவர் பிடித்துவிடுகிறார். திராட்சை வாங்கி வந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. மாமனார் போன பிறகு வீடு அத்தையின் பெயரில் இருக்கிறது. எனக்கு இரண்டும் இரண்டும் நாலு என்று ஆகிவிட்டது. வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்குகிறார். வாங்கிக்கொண்டு அந்த மடிப்புக்காரியோடு போகப் போகிறார்.

எங்கள் மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலையில் இருந்தாள். அவளிடம் போனில் சொன்னதற்கு, "அப்பாவாவது, இன்னொருத்தியாவது. அவருக்கு வாங்கிட்டு வரச் சொன்ன காய்கறியே ஞாபகம் இருக்காதும்மா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாபகமில்லாத மனுஷனுக்குத்தானே அந்த நாலு விரல் தவறாமல் விழுகிறது.

ஸ்தூபிக்குப் பக்கத்து விடுதியில் துணிகளுக்குப் பொறுப்பாக ஒருத்தி இருந்தாள். சிவந்த மேனி, சுருட்டை முடி, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. நாள் பூராவும் மடிப்பதுதான் வேலை. வேறு யாராக இருக்க முடியும்? ஒரு நாள் துணி மூட்டையை அவள் மேஜையில் இறக்கிவிட்டு, இவருடைய சட்டை ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இதைக் கொஞ்சம் மடி."

"எதுக்கு அக்கா?"

"மடியேன். பார்க்கணும்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மடித்தாள். சட்டைக் கை இரண்டும் பின்னால், தட்டி, நேர்பாதி. நூல் பிடித்த மாதிரி நடுவில். எனக்கே அப்படி வராது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அடப்பாவமே, என்மேலயா சந்தேகப்பட்டீங்க?" என்றாள். கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது. "உங்க வீட்டுக்காரர் இந்த விடுதிக்குள்ள காலே வைக்கிறதில்லை அக்கா. மதியம் ஆட்களைக் கொண்டுவந்து வாசல்ல விட்டுட்டு நேரா விகாரைக்குப் போயிடுவார். சாயந்திரம்தான் வெளியே வர்றதைப் பார்ப்பேன்."

விகாரை என்பது ஸ்தூபிக்குப் பின்னால் பிக்குகள் இப்போது தங்கியிருக்கும் இடம். தியான மண்டபம், கிணறு, நாலைந்து அறைகள். பெண்கள் அங்கே தங்குவதில்லை. ஆனால் வந்து போகலாமே? சமையலுக்கு வரலாம், பூ கொண்டுவரலாம். திரைச்சீலை துவைக்க வேண்டுமா என்று கேட்கும் சாக்கில் நேராகப் போனேன்.

முற்றத்தில் கொடி கட்டியிருந்தது. காவித் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்றில் ஒரு துணி விரிந்தபோது பார்த்தேன். நடுவில் மடிப்பே இல்லை. நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு கோடு. பக்கத்துத் துணியிலும் அதே கோடு. கொடியின் கடைசியில் காவி இல்லாமல் வெள்ளைத் துணி ஒன்று தொங்கியது. அதிலும் அதே.

பெரிய பிக்கு கிணற்றடியில் நின்றிருந்தார். வயசானவர், மெலிந்த ஆள். நான் கொடியை வெறித்துப் பார்ப்பதைக் கண்டு கிட்டே வந்தார்.

"ஏன் சாமி இப்படித் தள்ளி மடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அது பழைய வழக்கம்மா. புத்தர் காலத்துலேர்ந்து வர்றது. ஒருத்தருக்கு இருக்கறதே ரெண்டு மூணு துணி. நடுவுலயே மடிச்சா அந்த இடம் சீக்கிரம் இத்துப் போயிடும். அதனால நாலு விரல் தள்ளி மடிக்கச் சொல்லித் தருவோம்."

"அந்த வெள்ளைத் துணி யாரோடது?"

"பயிற்சிக்கு வர்றவரோடது. துறவு வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் வெள்ளை கட்டிப் பழகணும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க அவரோட சம்சாரமா? வீட்ல சொல்லிட்டதா நான் நினைச்சிருந்தேன்."

இன்னொரு பெண்ணாக இருந்திருந்தால் தேவலாம் என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது. அவள் முடியைப் பிடித்து உலுக்கலாம். நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். இங்கே யார் முடியைப் பிடிப்பது? இவர்களுக்குத்தான் முடியே கிடையாதே.

"துறவு குடுக்கறதுக்கு முன்னாடி எதுவும் கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

"கேப்போம். தீராத நோய் இருக்கா, ராஜாவோட சேவையில இருக்கியா, பெத்தவங்க சம்மதம் குடுத்தாங்களான்னு எல்லாம் கேக்கணும்."

"பொண்டாட்டி சம்மதம்?"

"அது விதியில இல்லம்மா."

அந்த விதி வந்த கதையை அவர் சொன்னார். புத்தர் ஊர் திரும்பியபோது தம்பி துறவியானார். பிறகு, விட்டுப்போன அந்தக் குழந்தை வளர்ந்து வந்து அப்பாவிடம் தன் பங்கைக் கேட்டது. அதையும் துறவியாக்கிவிட்டார்கள். புத்தரின் அப்பா, அந்தக் கிழட்டு ராஜா, வந்து அழுதார். முதலில் மகன், அப்புறம் இன்னொரு மகன், இப்போது பேரன். பெற்றவர்களைக் கேட்காமல் இனி யாரையும் சேர்க்காதே என்றார். புத்தர் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு வந்த விதி.

"தாத்தா வந்து அழுதார், சரி. அந்தப் பையனோட அம்மா?"

"அவங்களும் பின்னாடி துறவியாயிட்டாங்க."

"அவங்களைக் கேட்டாங்களான்னு கேட்டேன் சாமி."

அவர் கொடியில் சரிந்திருந்த துணி ஒன்றை இழுத்துச் சரிசெய்தார். 

"ஒரு பொம்பளை துறவியாகணும்னா?"

"பெத்தவங்க சம்மதம் வேணும்." கொஞ்சம் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாதவர். "புருஷன் சம்மதமும் வேணும்."

நல்ல கதையாக இருக்கிறதே என்று சிரித்தேன். அழுகையைவிட அது கேவலமாக வந்தது. கடைசியாக ஒன்று கேட்டேன், ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. "பெத்தவங்க உயிரோட இல்லன்னா?"

"இல்லாதவங்களைக் கேக்க முடியாதேம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து நேராக டிவியை அணைத்தேன். அத்தை ரிமோட்டைத் தேடினார்.

"உங்க பிள்ளை உங்ககிட்ட என்ன கேட்டார்?"

"ஏன்டி, வீட்டை எழுதி வாங்கறான்னு நினைச்சியா?" அத்தை என்னைப் பார்த்த பார்வையில் எப்போதும் இருக்கும் குத்தல் இல்லை. "வீட்டைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அவன் அவனையே கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னேன். நான் இருக்கறவரைக்கும் முடியாதுன்னேன். உனக்காகச் சொல்லல. எனக்கு ஒரே பிள்ளை."

"அவர் என்ன சொன்னார்?"

"சரிம்மா, காத்திருக்கேன்னான்."

அந்த வார்த்தை அறைக்குள் விழுந்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதற்குக் காத்திருக்கிறார் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அத்தைதான் முதலில் பார்வையைத் திருப்பி, "டிவியைப் போடு, மகாராணி" என்றார்.

சாயந்திரம் அவரைப் பிடித்துக்கொண்டேன். மறைக்கவில்லை. "அம்மா முடியாதுன்னுட்டாங்க. அதோட விடு" என்றார்.

"என்னைக் கேக்கணும்னு தோணவே இல்லையா?"

"கேட்டா நீ விட மாட்டே."

"விட மாட்டேன்னு தெரிஞ்சவகிட்டதாங்க கேக்கணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இருபத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷன், எழுந்து அம்மாவின் காலைப் பிடித்துவிடப் போய்விட்டார். அன்றைக்கு நான் அவரை வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே, போய்விடக் கூடாதே என்று பயந்தேன்.

மறுநாளிலிருந்து என் அத்தைக்கு என்னைப் போல ஒரு மருமகள் ஊரிலேயே கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். குளியலறையில் வழுக்காத பாய் போட்டேன். தும்மினால் டாக்டர். உப்பைக் குறைத்தேன், சர்க்கரையைப் பிடுங்கினேன். "என்னை ஏன்டி இந்தப் பாடு படுத்தறே, என் பாட்டுக்குச் செத்துப் போறேனே" என்பார். "அந்தப் பேச்சே வேண்டாம்" என்பேன். பக்கத்து வீட்டுக்காரி என் குணத்தைப் புகழ்ந்தாள். இவளுக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

இவரைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. வேலை முடிந்து வந்ததும், "அம்மா எப்படி இருக்கா?" என்பார். எந்த மகனும் கேட்கிற கேள்விதான். எனக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது. அத்தை இருமினால் இவர் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையை நான் பார்ப்பேன். தவறாக எதுவும் செய்துவிடுவார் என்று நினைக்கவில்லை. ஒரு எறும்பை மிதிக்க யோசிக்கிற ஆள். ஆனால் அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை கொடுப்பது அவர் வேலை. ஒரு நாள் மறந்தால்? மறப்பது மாதிரி மறந்தால்? இந்த எண்ணம் வந்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. வீட்டிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய்ச் சலவைக்கடை மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். காலையில் கடையைத் திறந்து, ஒன்றை எடுத்து வந்து நானே அத்தை வாயில் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? இரண்டு நாள் அவர் அட்டையைத் தேடுவதைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் கடையில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. இவர் குரல் உடைந்திருந்தது. அத்தை வியர்த்துக் கொட்டி, பேச்சில்லாமல், கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடக்கிறாராம்.

ஆஸ்பத்திரியில் ஊசியைக் குத்தி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். மத்தியான வெயில் அந்த வெள்ளைச் சுவரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ஒரு பெண் டாக்டர், என் மகள் வயசுதான் இருக்கும், வெளியே வந்தார்.

"சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. இப்ப பரவாயில்ல. வீட்ல மாத்திரை யார் குடுக்கறது?"

"நான்" என்றேன்.

"நான்" என்றார் அவர்.

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"அட்டையைக் காணோம். தீர்ந்து போச்சுன்னு நினைச்சு நேத்து புதுசு வாங்கினேன்" என்றார் அவர் மெதுவாக. "காலையில நீ கடைக்குப் போனதும் குடுத்தேன்."

"கடையைத் திறந்துட்டு நான் திரும்பி வந்து குடுத்தேன்" என்றேன். "அரைத் தூக்கத்துல இருந்தாங்க. வாயில போட்டதை முழுங்கிட்டாங்க. சாப்பாட்டையும் பாதியில வெச்சுட்டாங்க."

டாக்டர் திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டுப் போனார். எல்லாம் எனக்குத்தான். இவர் என்னைத் திட்டவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அட்டையை எதுக்கு எடுத்துட்டுப் போனே?"

அந்த நிமிஷம் ஏதாவது புளுகியிருக்கலாம். என் வாய்க்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் கிட்டத்தட்ட ஒரு உயிரைத் தின்றுவிட்டு நிற்கிறேன், இதற்கு மேல் என்ன.

"நீங்க குடுக்க மாட்டீங்களோன்னு பயந்தேன். மறந்த மாதிரி விட்டுடுவீங்களோன்னு. அவங்க போயிட்டா உங்களுக்கு யாரையும் கேக்க வேண்டாமே."

அவர் அடி வாங்கியவர் மாதிரி பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"அம்மா சாகணும்னு நான் நினைப்பேன்னா நினைச்சே?"

"ஆமா. நீங்க நினைக்கவே இல்லையா?"

வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் காலை மடக்கி வழி விட்டார்.

"ஒரு தடவை நினைச்சேன்."

"எப்போ?" என்றேன்.

"போன மாசம். காலையில அம்மா எழுந்திரிக்க நேரமாச்சு. மூச்சு வருதான்னு பார்க்க அறை வாசல்ல போய் நின்னேன். வரலன்னா இன்னிக்கே போயிடலாமேன்னு ஒண்ணு மனசுக்குள்ள வந்துது. நானா நினைச்சேன்? வந்துது. அப்புறம் அம்மா புரண்டு படுத்தா. தண்ணி கேட்டா." அவர் கையால் முகத்தைத் தேய்த்தார். "அன்னியிலேர்ந்து நான் அங்க போகல. இப்படி நினைக்கிறவன் அந்தத் துணியைக் கட்டிக்கிட்டு என்ன பண்றது? பெரிய பிக்குகிட்டயும் சொல்லிட்டேன். இனிமே வர மாட்டேன்னு."

போன மாதமே நிறுத்திவிட்டார். அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில், சட்டையில் அந்தக் கோடு நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகும் நான் அத்தையின் இருமலைக் கேட்டேன், அவர் பார்வையைப் பார்த்தேன், மாத்திரையைப் பூட்டினேன். நான் சந்தேகப்பட்டது பொய்யில்லை. அது உண்மையாகி, முடிந்தும் போய், அவரை உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தபோது நான் இன்னும் வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் எனக்குக் கிடைத்துவிட்டார். இனி எங்கேயும் போக மாட்டார். இதைத்தானே இத்தனை நாள் வேண்டினேன்? சந்தோஷம் வரவில்லை. அவர் இப்படி உடைந்துபோய் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிட, தலையை மழித்துக்கொண்டு நிம்மதியாகப் போயிருந்தால் பரவாயில்லையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உடனே வேண்டாம் என்றும் தோன்றியது.

நர்ஸ் வந்து, அம்மா கண் விழித்துவிட்டார் என்று கூப்பிட்டாள். இருவரும் உள்ளே போனோம். அத்தை சுருங்கிப்போய்ப் படுத்திருந்தார். கண் மட்டும் அதே கண். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு மகனை. இவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, அத்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

"அவன் ஏன்டி அழறான்?"

"உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டார் அத்தை."

அத்தை கொஞ்ச நேரம் மகனையே பார்த்தார். எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவ்வளவு சீக்கிரம் போக மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. பாதத்தைப் பிடித்த கை மட்டும் இறுகியது.

"போக மாட்டாங்களாம்" என்று சொன்னேன்.